அவையறிதலும் தலைமை மாட்சியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



கவிஞர்கள் நிறைந்திருக்கும் அவையில் தலைமையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். கவிதையைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தால் உங்களிடம் கற்றதை உங்களிடமே ஒப்பித்துவிட்டு அமர்ந்திருப்பேன். தலைமை என்பது அலுவலகத்திற்கும் அரசியலுக்கும் உரிய பொருளாயிற்றே, இலக்கிய வட்டத்திற்கு அதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் மாதந்தோறும் கூடும் நம் கூட்டத்திற்கு ஒரு தலைவர் வேண்டும். கவியரங்கத்திற்கு ஒரு தலைவர் வேண்டும். நூல் வெளியீட்டிற்கும் இத்தகைய மலர் வெளியீட்டிற்கும் முன்னின்று நடத்துவோர் வேண்டும். பத்தாண்டு நிறைந்த ஓர் அமைப்பு, அடுத்த பத்தாண்டை யார் கையில் ஒப்படைப்பது என்று எண்ணிப் பார்க்கவேண்டிய வேளை இது. எனவே இப்பொருள் நமக்கு அயலானதன்று என்றே கருதுகின்றேன்.

மேலாண்மை கற்பிப்போர் 'எக்ஸிகியூட்டிவ் பிரசன்ஸ்' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒருவர் கூட்டத்திற்குள் நுழைகிறார். ஓரிரு சொற்கள் பேசுகிறார். 'இவரை நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கலாம்' என்று இருப்பவர்களுக்குத் தோன்றுகிறது. அவ்வாறு தோன்றச் செய்யும் தன்மைக்கே அப்பெயர். தமிழில் இதை எவ்வாறு வழங்கலாம்? தோற்றப் பொலிவு என்றால் உடையும் உடலும் மட்டுமே நினைவுக்கு வரும். ஆளுமை என்றால் எல்லை மிகவும் விரிந்துவிடும். திருக்குறளில் அரசனின் சிறப்பைக் கூறும் அதிகாரத்திற்கு 'இறைமாட்சி' என்று பெயர். அந்தச் சொல்லைக் கடன் வாங்கித் 'தலைமை மாட்சி' என்று இவ்வுரையில் வழங்க விழைகின்றேன். அம்மாட்சி பிறப்பில் வருவதா, பயிற்சியில் வருவதா? பயிற்சியில் வருமாயின் எங்கிருந்து தொடங்குவது? இவ்விரு வினாக்களே என் உரையின் எல்லை.

தோற்றத்தின் கணக்கு

தலைமைப் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு. பேச்சு கேட்போர் மனத்தில் பதிவதில் சொல்லின் பங்கு 7 விழுக்காடு. குரலின் பங்கு 38 விழுக்காடு. முகத்தின், உடலின் பங்கு 55 விழுக்காடு என்பது அக்கணக்கு. சொல்லையே வாழ்வாகக் கொண்ட கவிஞர்களுக்கு இதைவிடத் துயரமான செய்தி வேறு இராது. நூற்றுக்கு ஏழு பங்கிற்காகவா இத்தனை இரவுகள் விழித்தோம் என்று நீங்கள் கேட்கலாம்.

கவலை வேண்டா. அவ்வெண்கள் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்னும் உளவியலாளர் 1967-ஆம் ஆண்டில் பிறருடன் சேர்ந்து வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து எடுக்கப்பட்டவை. முழுமையான பேச்சு எதுவும் அங்கே ஆராயப்படவில்லை. ஒலிப்பதிவு செய்யப்பட்ட ஒற்றைச் சொற்களையும் முகங்களின் ஒளிப்படங்களையும் வைத்தே அவ்வாய்வுகள் நிகழ்ந்தன. சொல் ஒன்றைச் சொல்ல, குரலும் முகமும் வேறொன்றைச் சொல்லும்போது, பேசுபவரின் விருப்பு வெறுப்பைக் கேட்போர் எதைக் கொண்டு முடிவு செய்கின்றனர் என்பதே அங்கு எழுந்த வினா. உணர்ச்சியையும் மனப்பாங்கையும் பற்றிய பேச்சுக்கு மட்டுமே இக்கணக்குப் பொருந்தும் என்று மெஹ்ராபியனே விளக்கியிருக்கிறார். ஆயினும் அந்த மூன்று எண்களும் தாம் பிறந்த இடத்தை மறந்து மேடைதோறும் உலவி வருகின்றன.

இன்னொன்றும் சொல்லலாம். கைகளை விரித்து, மார்பை நிமிர்த்தி, வெற்றி கொண்டவர் போல இரண்டு நிமிடம் நின்றால் உடலின் சுரப்புநீர்களே மாறித் துணிவு பிறக்கும் என்று 2010-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் 42 பேர். உலகெங்கும் மக்கள் கண்ணாடி முன் நின்று கைகளை விரித்தனர். 2015-இல் வேறு ஆய்வாளர்கள் 200 பேரிடம் அதனைச் சோதித்தபோது சுரப்புநீர்களில் மாற்றம் எதுவும் காணவில்லை. துணிவு கூடியது போன்ற உணர்வு மட்டுமே எஞ்சியது. முதல் ஆய்வின் ஆசிரியர்களுள் ஒருவரான டேனா கார்னி, அந்த விளைவு உண்மை என்று தாம் இனி நம்பவில்லை என 2016-இல் வெளிப்படையாக அறிவித்தார். அறிவுலகில் அத்தகைய நேர்மையும் ஒரு மாட்சியே.

இப்பொருள் பற்றி 2014-இல் ஒரு நூல் எழுதிய சில்வியா ஆன் ஹியூலெட் என்னும் ஆய்வாளர், தலைமை மாட்சியின் உறுப்புகள் மூன்று என்றார். அவை உள்ளீடான கனம், பேச்சுத் திறன், தோற்றம் என்பன. இவற்றுள் முதன்மையானது எது என்று மூத்த நிர்வாகிகளைக் கேட்டபோது, 67 விழுக்காட்டினர் கனத்தையும், 28 விழுக்காட்டினர் பேச்சையும், 5 விழுக்காட்டினர் மட்டுமே தோற்றத்தையும் சுட்டினர். அறைக்குள் நுழையும் வரையில் தோற்றம் துணை வரும். நெருக்கடி வரும்போது கனம் இருக்கிறதா என்பதையே எல்லாரும் பார்ப்பர். அந்தக் கனத்தை எப்படி ஈட்டுவது? அதற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு போகவேண்டுவதில்லை.

குறள் வைத்த வரிசை

திருக்குறளின் பொருட்பாலில் அமைச்சனைப் பற்றிய அதிகாரங்கள் பத்து. 64-ஆம் அதிகாரமாகிய 'அமைச்சு' முதல் 73-ஆம் அதிகாரம் வரை அவை அமைகின்றன. அரசனுக்கும் குடிகளுக்கும் இடையே நின்று செயலை நடத்தி முடிப்பவன் அமைச்சன். இன்று நிர்வாகி என்று நாம் அழைப்பவருக்கு நெருங்கிய முன்னோன் அவனே. சொல்வன்மை, வினைத்தூய்மை, வினைத்திட்பம் என்று தொடங்கிச் செல்லும் அந்த வரிசையின் இறுதி இரண்டு அதிகாரங்கள் 'அவையறிதல்', 'அவையஞ்சாமை' என்பன.

அறிதல் முன்னே, அஞ்சாமை பின்னே. இன்றைய பயிற்சிகள் பெரும்பாலும் பின்னதைக் கொண்டே தொடங்குகின்றன. அச்சத்தை எப்படி வெல்வது, கை நடுக்கத்தை எப்படி மறைப்பது, குரலை எப்படி உயர்த்துவது என்று அவை கற்பிக்கின்றன. பேசுபவனின் கண்ணைத் தன்மீதே திருப்பிவிடும் பயிற்சிகள் இவை. தன்னையே பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு அச்சம் மிகுமேயன்றிக் குறையாது. அவையறிதலோ கண்ணை எதிரிலிருப்பவர்மீது திருப்புகிறது. இவர்கள் யார், எதை அறிந்தவர்கள், எதற்காக வந்திருக்கிறார்கள், எதை எதிர்நோக்கி வருந்துகிறார்கள் என்று எண்ணத் தொடங்கியவனுக்குத் தன்னைப் பற்றிய எண்ணம் குறைகிறது. அச்சமும் அதனுடன் குறைகிறது.

அவையஞ்சாமை அதிகாரத்திலும் வள்ளுவர் துணிவு கொள்க என்று வெறுமனே தட்டிக்கொடுத்து அனுப்பவில்லை. போர்க்களத்தில் உயிர்விடத் துணிந்தவர் பலர், அவைக்களத்தில் அஞ்சாது நிற்பவர் சிலர் என்று அத்துணிவின் அருமையை முதலில் ஒப்புக்கொள்கிறார். பின்னர் அதிகாரத்தின் ஐந்தாம் குறளில் வழியைச் சொல்கிறார். அவையில் எழும் வினாவுக்கு அஞ்சாமல் விடை சொல்வதற்காகவே முறைப்படி கற்கவேண்டும் என்பது அக்குறளின் கருத்து. அங்கே குறிக்கப்படும் கல்வி அளவை நூற் கல்வி என்று பரிமேலழகர் பொருள் கொண்டார். அவையை அறிந்து, பொருளையும் கற்றுத் தெளிந்தவனிடம் அஞ்சாமை தானே வந்து சேரும். கனம் என்று ஹியூலெட் சொன்னது இங்கிருந்துதான் பிறக்கிறது என்பது என் துணிபு. இதற்குச் சான்றாக மூவர் வாழ்க்கையிலிருந்து சிலவற்றைக் கூற விரும்புகின்றேன்.

பிரிட்டோரியாவில் பிறந்த பேச்சாளர்

மேடையில் நாவெழாமல் நின்ற மனிதர்களுள் காந்தியடிகளுக்கு நிகராக ஒருவரைச் சொல்வது அரிது. இலண்டனில் சட்டம் பயின்றபோது சைவ உணவினர் சங்கத்தின் செயற்குழுவில் அவர் உறுப்பினர். ஆனால் கூட்டங்களில் வாய்திறக்கத் தயங்கி அமர்ந்திருப்பார். வெண்ட்னர் என்னும் ஊரில் தம் உரையை எழுதிக்கொண்டே எழுந்தார், படிக்க இயலவில்லை, உடன் வந்த நண்பர் படிக்க நேர்ந்தது. 1891-இல் தாயகம் திரும்புமுன் நண்பர்களுக்கு விருந்தளித்தார். அங்கே பேசுவதற்காக எண்ணி எண்ணி அமைத்து வைத்திருந்த சில வாக்கியங்களுள் முதல் வாக்கியத்திற்கு அப்பால் நா நகரவில்லை. பம்பாயில் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்கு, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார், தலை சுற்றியது, அமர்ந்துவிட்டார். பெற்ற கட்டணம் 30 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டு வெளியேறினார். இவையெல்லாம் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதி வைத்த செய்திகள்.

இரண்டாண்டுகளுக்குள் என்ன நேர்ந்தது? 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்றார். இந்தியர்க்கு அங்கே இழைக்கப்படும் அவமதிப்பைத் தாமே உடலாலும் உள்ளத்தாலும் உணர்ந்தார். பிரிட்டோரியா சேர்ந்ததும், அவ்வூர் இந்தியர் அனைவரையும் ஒரு கூட்டத்தில் காண விரும்பினார். அதற்குத் துணை நின்றவர் தயெப் ஹாஜி கான் முகமது என்னும் வணிகர். எந்த வழக்கிற்காகக் காந்தி அங்கே சென்றாரோ, அந்த வழக்கின் எதிர்க்கட்சிக்காரர் அவர்! பெரும்பாலும் மேமன் வணிகர்கள் கூடியிருந்த அக்கூட்டத்தில் வணிகத்தில் வாய்மையைப் பற்றிக் காந்தி பேசினார். தம் வாழ்வின் முதல் பொதுப்பேச்சு என்று அதனையே அவர் குறிப்பிடுகிறார்.

கூச்சம் மிகுந்த அவ்விளைஞர் அன்று பேசியது எவ்வாறு? அவர் கண்ணாடி முன் நின்று பயின்றதாகச் செய்தி இல்லை. அவர் அறிந்திருந்தது அந்த அவையை. வணிகத்தில் உண்மை பேச முடியாது என்னும் எண்ணம் அவர்களிடம் இருப்பதை அறிந்திருந்தார். அவர்கள் படும் அல்லல்களை அறிந்திருந்தார். பேசவேண்டிய பொருளைத் தெளிந்து சென்றிருந்தார். இலண்டன் விருந்தில் அவர் பேச முயன்றது தாம் நன்றாகப் பேசவேண்டும் என்பதற்காக. பிரிட்டோரியாவில் பேசியது கேட்போர்க்கு ஒன்று ஆகவேண்டும் என்பதற்காக.

பேச்சோடு அவர் நின்றுவிடவுமில்லை. ஆங்கிலம் அறிந்தோர் அங்கே சிலரே என்பதைக் கண்டு, விரும்புவோர்க்குத் தாமே கற்பிப்பதாகச் சொன்னார். முன்வந்தவர் மூவர். ஒருவர் முடிதிருத்துபவர், ஒருவர் எழுத்தர், ஒருவர் சிறு கடைக்காரர். பாரிஸ்டர் பட்டம் பெற்ற காந்தி அவர்கள் இருக்கும் இடத்திற்கே நடந்து சென்று பாடம் சொன்னார். சில நாள்களில் பிரிட்டோரியாவில் அவர் அறியாத இந்தியர் எவரும் இல்லை என்ற நிலை வந்தது. அவையை அறிதல் என்றால் இதுதான். பிற்காலத்தில் கோடிக்கணக்கானோர் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டனரே, அதன் வேர் அந்த மூன்று மாணவர்களிடம் இருக்கிறது.

கூச்சமும் அவருக்கு வீணாகவில்லை. சொல்லை அளந்து பேசும் பழக்கத்தை அதுவே தமக்குத் தந்தது என்று நன்றியோடு எழுதுகிறார். நம்மிடையே கூச்சம் மிகுந்த கவிஞர்கள் பலர் உள்ளனர். அவர்கள் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

பழிக்கு முன்னே, புகழுக்குப் பின்னே

அடுத்த சான்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள், இந்தியா முதன்முதலாகத் தன் சொந்தச் செலுத்துகலத்தால் செயற்கைக்கோளை ஏவ முயன்றது. எஸ்.எல்.வி.-3 என்னும் அக்கலம் பாதை தவறி வங்கக் கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநராக இருந்தவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான். செய்தியாளர்கள் காத்திருந்தனர். கடுமையான வினாக்கள் எழும் என்பது எல்லாருக்கும் தெரியும். கலாமை முன்னே நிறுத்தாமல், தவான் தாமே சென்று அவர்களை எதிர்கொண்டார். தோல்வியின் பொறுப்பைத் தம்மேல் ஏற்றுக்கொண்டு, தம் குழுவினர்மேல் தமக்குள்ள நம்பிக்கையை உரைத்தார்.

அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18-ஆம் நாள், அதே வகைக் கலம் ரோகிணி என்னும் செயற்கைக்கோளைப் பூமியைச் சுற்றும் பாதையில் வைத்தது. அன்றும் செய்தியாளர்கள் காத்திருந்தனர். அன்று தவான் கலாமை அழைத்து, செய்தியாளர் கூட்டத்தை நீங்களே நடத்துங்கள் என்றார். தலைமையைப் பற்றி இளைஞர்கள் கேட்டபோதெல்லாம் கலாம் இந்நிகழ்ச்சியைச் சொல்லி வந்தார்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தவான் அறிந்திருந்த அவைகள் இரண்டு. ஒன்று எதிரே அமர்ந்திருந்த செய்தியாளர் அவை. மற்றொன்று, பல்லாண்டு உழைப்பு கடலில் மூழ்கியதைக் கண்டு கலங்கிப் பின்னே நின்ற அறிவியலாளர் அவை. முன்னுள்ள அவையிடம் பேசும்போதே பின்னுள்ள அவையைக் காத்தார் அவர். தலைவன் எங்கே நிற்கிறான் என்பதே ஒரு பேச்சு. பழி வரும்போது முன்னே நிற்கவும், புகழ் வரும்போது பின்னே நகரவும் தெரிந்தவரிடம் அடுத்த முயற்சிக்கு ஆள் குறையாது.

நம் அளவிலும் இது பொருந்தும். விழா சிறந்தால் மேடையில் நன்றி பெறுவோர் யார்? ஒலிபெருக்கி பழுதானால் அனைவர் முன்னிலையிலும் கடிந்துரைக்கப்படுவோர் யார்? இவ்விரண்டிற்கும் விடை கண்டால் ஓர் அமைப்பின் தலைமை எத்தகையது என்பது விளங்கிவிடும்.

குறைந்த சொல்லின் எடை

மூன்றாமவர் நாம் நன்கறிந்த பெருந்தலைவர் காமராசர். பள்ளிப் படிப்பை இளமையிலேயே விட்டவர். எளிய கதராடை. மேடைத் தமிழில் அடுக்குமொழி கோலோச்சிய காலத்தில், அடுக்குமொழியின் பக்கமே செல்லாதவர். தோற்றக் கணக்கின்படி பார்த்தால் அவருக்கு எத்தனை மதிப்பெண் கிடைத்திருக்கும்? ஆயினும் 1954 ஏப்ரலில் முதலமைச்சர் பொறுப்பேற்று, 1963 அக்டோபரில் தாமே விலகும் வரை, ஒன்பதாண்டுகளுக்கு மேல் நாட்டின் சிறந்த நிர்வாகிகளுள் ஒருவராக அவர் மதிக்கப்பட்டார்.

பொறுப்பேற்ற தொடக்கத்திலேயே அவர் செய்த ஒரு செயல் எண்ணத்தக்கது. சட்டமன்றக் கட்சித் தலைமைக்கு அவரை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி. சுப்பிரமணியம். சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் பக்தவத்சலம். வென்ற காமராசர் இருவரையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். எதிர்த்தவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளும் துணிவுக்கும் அவையஞ்சாமை என்றுதான் பெயர். அவர்களின் திறமையை அறிந்திருந்தமையால் அத்துணிவு வந்தது. இங்கும் அறிதல் முன்னே, அஞ்சாமை பின்னே.

அவர் பெயரோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் தொடர் 'ஆகட்டும், பார்க்கலாம்' என்பது. வாக்குறுதியை வாரி வீசாத சொல் அது. தம்மை நாடி வருபவரின் குறையைக் கேட்டு, செய்ய இயல்வதையும் இயலாததையும் எண்ணிப் பார்த்த பின்பே செயலில் இறங்குபவர் வாயில் பிறக்கும் சொல். ஊர் ஊராகச் சுற்றி நாட்டின் வரைபடத்தை மனத்தில் எழுதி வைத்திருந்தமையால் அவருக்கு நீண்ட விளக்கங்கள் தேவைப்படவில்லை. 1963-இல் பதவியிலிருந்து இறங்கிய பின்னும் அவர் சொல்லின் எடை குறையவில்லை. 1964-இல் நேரு மறைந்தபோதும், 1966-இல் சாஸ்திரி மறைந்தபோதும், அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுப்பதில் முன்னின்றவர் அவரே. பதவி நீங்கியபின் எது எஞ்சுகிறதோ அதுவே தலைமை மாட்சி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அவையின் கடன்

இதுவரை தலைவர் செய்யவேண்டியதைப் பேசினோம். அவைக்கும் ஒரு கடன் உண்டு. மாட்சியில் பாதியைத் தலைவர் கொண்டுவருகிறார். மறு பாதியை அவைதான் கொடுக்கவேண்டும்.

1975-இல் பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சிக்குத் தலைமையேற்ற மார்கரெட் தாட்சர் தம் குரலைத் தாழ்த்திக்கொள்ளத் தனிப்பயிற்சி பெற்றார். குரலைப் பயிற்சியால் திருத்த முடியும் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனால் மற்றொரு வினாவும் எழுகிறதே! ஒரு நாட்டை ஆளவிருப்பவர் தம் இயற்கைக் குரலை மாற்றவேண்டிய தேவை ஏன் வந்தது? தலைமைக்குரிய குரல் ஆணின் கனத்த குரலே என்னும் வார்ப்பு கேட்போர் செவியில் முன்பே அமைந்திருந்தது. வார்ப்பில் அடங்காதவர் எத்துணைத் திறமுடையவராயினும், அவை தன் பாதியைத் தர மறுத்துவிடும்.

நம் இலக்கிய மரபு இதற்கு மாற்றாக ஒரு கதையை வைத்திருக்கிறது. இறையனார் களவியலுக்குச் சங்கப் புலவர் பலரும் உரை கண்டனர். எவ்வுரை மெய்யுரை என்று தேர்ந்து சொல்லத் தக்கவர் யார் என்னும் வினா எழுந்தது. அந்நூலின் உரை தரும் மரபுச் செய்தியின்படி, அதற்காக அவையில் அமர்த்தப்பட்டவன் மதுரை உப்பூரிகுடி கிழாரின் மகன் உருத்திரசன்மன். ஐந்தாண்டுப் பருவத்துப் பிள்ளை. அதிலும் வாய்பேசாப் பிள்ளை. பெரும்புலவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தம் உரையை வாசித்தனர். பிள்ளை அசையவில்லை. மருதனிளநாகனார் வாசித்தபோது சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்தது. நக்கீரர் வாசித்தபோது சொல்தோறும் கண்ணீர் பெருக, மெய்ம்மயிர் சிலிர்த்தது. அதுவே மெய்யுரை என்று அவை ஏற்றது.

கவிஞர்களே, உலகில் எந்தத் தலைமைப் பாடநூலிலாவது இத்தகைய அவைத்தலைவரைக் காண இயலுமா? உடலுயரம் இல்லை, குரல் இல்லை, ஒரு சொல்லும் இல்லை. கேட்டான், முழுமையாகக் கேட்டான். வேறொன்றும் அவன் செய்யவில்லை. அத்தலைமையைத் தாழ்வென்று கருதாமல் அதன்முன் அமர்ந்தனரே அந்தப் புலவர்கள், அவர்களின் பெருந்தன்மையையும் நாம் போற்றவேண்டும். வரலாறு என்று இக்கதையை நான் கூறவில்லை. தலைமையைப் பற்றித் தமிழர் எவ்வாறு கனவு கண்டனர் என்பதற்குச் சான்றாகக் கூறுகிறேன்.

நம் வட்டத்தின் அடுத்த பத்தாண்டு

இந்தக் கனவின் ஒளியில் நம் வட்டத்தைச் சற்றே பார்ப்போம். பத்தாண்டு நிகழ்ச்சி அழைப்பிதழ்களை வரிசையாக வைத்துப் படித்தால் ஒரு செய்தி கண்ணில் படும். 'தலைமை' என்ற சொல்லின் எதிரே நான்கைந்து பெயர்களே மாறி மாறி வருகின்றன. நம் பெண் கவிஞர்களின் பெயர்கள் தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, நன்றியுரை என்னும் சொற்களின் எதிரேதான் மிகுதியாக உள்ளன. இளங்கவிஞர்கள் கவியரங்கத்தின் இறுதியில், அவை பாதி கலைந்த பின்னர் அழைக்கப்படுகின்றனர். எவர்மீதும் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. மூத்தோர் தாங்கியிராவிடில் இவ்வட்டம் பத்தாண்டு கண்டிருக்காது. ஆயினும் தலைமை மாட்சி தலைமை ஏற்பதன் வழியாகவே வளரும். பொறுப்பு அளிக்கப்படாதவரிடம் 'இன்னும் பக்குவம் வரவில்லை' என்று சொல்வது, நீரில் இறங்கவிடாமல் நீந்தத் தெரியவில்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

எனவே சில வேண்டுகோள்களை இவ்வவையின்முன் பணிவுடன் வைக்கின்றேன்.

முதலாவது, வரும் ஆண்டு முதல் மாதக் கூட்டத்தின் தலைமை சுழல்முறையில் அமையட்டும். இதுவரை தலைமை ஏற்காத ஒருவர், அவரே தயங்கினும், நம் அன்பின் வற்புறுத்தலால் அவ்விருக்கையில் அமரட்டும். மூத்தவர் ஒருவர் அருகிலிருந்து துணை நிற்கட்டும்; ஆனால் ஒலிபெருக்கியைத் தம் பக்கம் இழுக்காதிருக்கட்டும்.

இரண்டாவது, தலைமை ஏற்பவர் அன்று வாசிக்கப்படவிருக்கும் படைப்புகளை ஒரு வாரத்திற்கு முன்பே பெற்றுப் படித்து வரட்டும். படைத்தவரின் பெயரையும் அவருடைய முந்தைய படைப்பையும் அறிந்து வரட்டும். 'அடுத்து ஒரு கவிஞர்' என்று அழைப்பதற்கும், அவருடைய ஒரு கவிதையை நினைவுகூர்ந்து அழைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அழைக்கப்பட்ட எவரும் அறிவர். அவையறிதல் அங்கே தொடங்குகிறது.

மூன்றாவது, தலைமையுரை சுருங்கட்டும். தலைவர் தம் காலத்தை முதலில் காத்தால்தான் பிறர் காலத்தைக் காக்கும்படி சொல்ல அவருக்கு உரிமை பிறக்கும். மணி அடிப்பதற்கு முன்னர் முடிக்கும் தலைவரின் மணியோசைக்கே மதிப்பு உண்டு.

நான்காவது, வாசிக்கும் கவிஞர் முதல் வரிக்கு முன்னர் ஒருமுறை நிமிர்ந்து அவையைப் பார்க்கட்டும். எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் வாசித்தால் கவிதை தாளிலேயே தங்கிவிடும். வரி முடிவில் ஒரு சிறு நிறுத்தம் வேண்டும். கேட்பவர் உள்ளத்தில் சொல் இறங்குவதற்கு அந்த இடைவெளி தேவை. ஒலிபெருக்கி இருக்கும்போது உரத்துக் கூவவேண்டுவதில்லை. ஒருவரிடம் சொல்வது போலச் சொன்னாலே போதும். குரல், நடை, உடை ஆகியவற்றைத் திருத்திக்கொள்வதில் தவறேதுமில்லை. அவை கேட்பவர்க்குச் செய்யும் மரியாதை என்ற நினைவோடு திருத்திக்கொள்வோம்.

ஐந்தாவது, அவையில் அமர்ந்திருக்கும் நாம், மேடையில் தடுமாறுபவரை நகைக்காதிருப்போம். முதல் வாக்கியத்திற்கு அப்பால் நா நகராமல் அமர்ந்த ஓர் இளைஞரைப் பற்றி இப்போதுதான் பேசினோம். அத்தகைய ஒருவர் நம்மிடையேயும் இருக்கலாம். அவர் மீண்டும் எழுந்து நிற்பதும் நிற்காததும் அவையாகிய நம் கையில்தான் இருக்கிறது.

மாட்சி பிறப்பில் வருவதா, பயிற்சியில் வருவதா என்று தொடக்கத்தில் கேட்டோம். பயிற்சியில் வருவதே என்பதற்கு மும்பை நீதிமன்றத்திலிருந்து பிரிட்டோரியா வரை நீளும் அந்த இரண்டாண்டுகள் சான்று. எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டோம். எதிரே அமர்ந்திருப்பவரிடமிருந்து தொடங்கவேண்டும் என்பதே குறளின் வரிசை நமக்குத் தரும் விடை. அவர் பெயரை அறிந்து, அவர் வருத்தத்தை அறிந்து, அவர் சொல்வதைக் கேட்டு எழுபவர் நடுக்கத்தோடு எழுந்தாலும் தலைவரே.

பதினோராம் ஆண்டின் முதல் கூட்டத்திற்கான அழைப்பிதழ் இன்னும் சில நாள்களில் அச்சுக்குப் போகும். 'தலைமை' என்ற சொல்லின் எதிரே இதுவரை அச்சேறாத ஒரு பெயர் அதில் இடம்பெறட்டும் என்று விழைகின்றேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் வட்டம்!